அச்சு வேறு, பதிப்பு வேறு: சேலத்திலிருந்து எழுத வருகிறவர்களுக்கு

ஏற்காட்டில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எந்த வீட்டுச் சுவரைத் தொட்டாலும் கை ஈரமாகும். ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துக் காட்டினார். உள்ளே அவருடைய கவிதைத் தொகுப்பு. 300 பிரதி அடித்ததில் 180 பாக்கி. மேலே இருந்தவற்றின் அட்டை சுருண்டு, லேமினேஷன் ஓரத்தில் உரிந்துகொண்டிருந்தது. அடியில் இருந்தவற்றில் பூஞ்சை. "மலையில வெச்சது தப்பு தம்பி. கீழ சேலத்துல மக வீட்டுல வெச்சிருக்கணும்" என்றார்.

நான் சேலத்தில் டிடிபி வேலையும் (கணினியில் பக்கம் கோப்பது) மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைக்கிறவன். இருபது வருடத்தில் இப்படிப்பட்ட பெட்டிகளைக் குகையிலும் அம்மாபேட்டையிலும் சூரமங்கலத்திலும் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் பூஞ்சை இருக்காது, தூசி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சாரிடம் அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்: பெட்டி மலையில் இருந்ததில் தப்பில்லை. அவருடைய புத்தகம் அச்சாகியிருந்தது, பதிப்பாகவில்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் எங்கள் ஊரில் பெரும்பாலானவர்கள் பணத்தையும் மனதையும் விடுகிறார்கள்.

அச்சகக்காரர் உங்களிடம் பிடிஎஃப் வாங்கிக்கொண்டு பெட்டி தருவார். அவருக்கு அது கல்யாணப் பத்திரிகையோ நாவலோ ஒன்றுதான். பதிப்பாளர் வேறு ஆள். எதைப் போடலாம், எதை வேண்டாமென்று திருப்பலாம் என்று முடிவு செய்கிறார். வெட்டச் சொல்கிறார். மெய்ப்புப் பார்க்க வைக்கிறார், அட்டை போடுகிறார், விலை வைக்கிறார், கடைக்கு அனுப்புகிறார், புத்தகக் காட்சியில் கடை போட்டு உட்கார்கிறார், விற்காததைத் தன் கோடவுனில் வைத்துக்கொள்கிறார். நட்டம் வந்தால் அவருக்கு. சிக்கல் என்னவென்றால், இந்த இருவருமே இன்று தங்களைப் 'பதிப்பகம்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. யார் பணம் போடுகிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

ஒரு காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஈய எழுத்து கோத்து அச்சடித்த நாளில் ஒரு புத்தகம் போடுவது பெரிய செலவு. அதனால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகளுக்குக் குறைந்து யாரும் அடிக்கவில்லை. அந்த ஆயிரத்துக்கு ஒரு தைரியம், அரசு நூலக ஆணை, அதாவது நூலகங்களுக்காக அரசு பிரதிகளை வாங்கிக்கொள்வது. நூலகங்களுக்கான சட்டத்தை இந்தியாவிலேயே முதலில், 1948-இல் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. வீட்டு வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரி அந்தச் சட்டத்தின் பிள்ளை. நூலக ஆணை கிடைத்தால் போட்ட முதல் திரும்பிவிடும், கடையில் விற்பதெல்லாம் லாபம். அந்த ஆணை வருடா வருடம் ஒழுங்காக வராமல் போனபோது பதிப்பாளர்கள் பிரதிகளைக் குறைத்தார்கள். அதே சமயம் டிஜிட்டல் அச்சு வந்து ஐம்பது, நூறு என்று அடிக்க வழிசெய்தது. இப்போது யார் வேண்டுமானாலும் புத்தகம் போடலாம். வாசலில் காவல் இல்லை. நல்லதுதான். ஆனால் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்த ஆள் தடுக்க மட்டும் நிற்கவில்லை, உள்ளே அழைத்துப் போய் வாசகனிடம் சேர்க்கவும்தான் நின்றார். அவர் போனதோடு அந்த வேலையும் போய்விட்டது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். டெமி அளவில் 160 பக்கம், ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கமாக எங்கள் பாஷையில் பத்து ஃபாரம். 200 ரூபாய் விலை என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளருக்கு 40 சதவீதம் கழிவு என்றால் 80 ரூபாய் அங்கே போகிறது. எழுத்தாளருக்கு 10 சதவீத ராயல்டி, 20 ரூபாய். மிச்சம் 100 ரூபாய்க்குள் காகிதம், அச்சு, பைண்டிங், அட்டை ஓவியம், மெய்ப்பு, பார்சல், கடை வாடகை எல்லாம் அடங்க வேண்டும். 300 பிரதியும் விற்றால் எழுத்தாளருக்கு வருவது 6,000 ரூபாய். இந்தத் தொகையைச் சொன்னதும் முகம் வாடுகிறவர்கள் உண்டு. ஆனால் பதிப்பாளர் ஏன் புது ஆளின் கவிதைத் தொகுப்பைக் கண்டால் பின்வாங்குகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் என்னிடம் இல்லை. அவருக்கு உங்கள் மேல் கோபமில்லை. அந்த 300 பேர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஆங்கில ஆலோசனைகள் இந்த இடத்தில்தான் காலை வாரிவிடும். ஏஜென்ட்டைப் பிடி, அவருக்கு இப்படிக் கடிதம் எழுது, அவர் பதிப்பகத்திடம் பேசி முன்பணம் வாங்கித் தருவார் என்றெல்லாம் இருக்கும். தமிழில் இலக்கிய ஏஜென்ட் என்கிற தொழில் அநேகமாகக் கிடையாது. முன்பணமும் அப்படித்தான். ஏஜென்ட்டின் வேலையைத் தமிழில் செய்வது பத்திரிகை. ஒரு பதிப்பாளர் புதியவரின் கையெழுத்துப் பிரதியைக் கையில் எடுக்கும்போது முதலில் பார்ப்பது, இவர் இதற்கு முன் எங்கே எழுதியிருக்கிறார் என்பதை. நாலு இதழ்களில் நாலு கதை வந்திருந்தால், நாலு ஆசிரியர்கள் இவரை ஏற்கெனவே படித்துப் பார்த்துவிட்டார்கள் என்று பொருள். அந்த 300 பேரில் பாதிப் பேர் அந்த இதழ்களின் வாசகர்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. இங்கிருந்துதான் 1968-இல் கவிஞர் சி. மணியின் முயற்சியில் 'நடை' என்ற காலாண்டிதழ் வந்தது. கவிஞர் ஞானக்கூத்தனின் தொடக்கக் கவிதைகளுக்கு இடம் கொடுத்தது அது. சில இதழ்களோடு நின்றுபோனது. அதன் வாசகர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சில நூறுக்கு மேல் போயிருக்காது என்பது என் ஊகம். ஆனால் வேண்டிய சில நூறு. புதுக்கவிதையின் வரலாற்றை எழுதுகிறவர் யாரும் அந்த இதழைத் தாண்டிப் போக முடியாது. அப்போது தபாலில் போன வேலையை இப்போது இணைய இதழ்கள் செய்கின்றன. 'சொல்வனம்' 2009-இலிருந்து வருகிறது; அதற்குப் பின் எத்தனையோ வந்துவிட்டன. அச்சில் 'காலச்சுவடு', 'உயிர்மை' போன்ற மாத இதழ்கள் இருக்கின்றன. வெகுஜன வார இதழ்கள் கதைகளுக்கு ஒதுக்கும் பக்கத்தைச் சுருக்கிவிட்டாலும் ஒரேயடியாக நிறுத்திவிடவில்லை.

இதழுக்கு அனுப்புவதில் ஒரு முறை இருக்கிறது. வாட்ஸப்பில் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். அதைத் தட்டச்சு செய்ய அங்கே ஆள் இல்லை. யூனிகோடில், வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடு மாற்றியில் போட்டு அப்படியே அனுப்பினால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் நிற்கும். மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். கடிதம் நாலு வரி போதும். "என் உள்ளக் குமுறல்களை" என்று ஆரம்பிக்கிற கடிதத்துக்குக் கீழே நல்ல கதை இருந்து நான் பார்த்ததில்லை. ஒரே கதையை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு அனுப்பக் கூடாது. ஃபேஸ்புக்கிலோ பிரதிலிபி தளத்திலோ ஏற்கெனவே போட்டுவிட்டால் பல இதழ்கள் அதை வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒருமுறை கேட்கலாம். அப்புறமும் இல்லையென்றால் வேறிடம் பார்க்கலாம். கதையைத் திருடிவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. புதியவரின் கதையைத் திருடி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. படிக்க வைப்பதுதான் கஷ்டம்.

சரி, அனுப்பும் கதை எப்படி இருக்க வேண்டும்? இதைப் பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. ஒரு கதையைக் காட்டுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் கதை ஒன்றைக் கொண்டுவந்தார். கொலுசுப் பட்டறை வேலைக்குப் போகிற அம்மாவைப் பற்றிய கதை. கொலுசு சேலத்துக்குச் சோறு போடுகிற தொழில். எத்தனையோ வீடுகளில் பெண்கள் உட்கார்ந்து மணி பற்றவைக்கிறார்கள். கதை இப்படித் தொடங்கியது: "ஏழ்மை என்னும் இருளில் சிக்கித் தவிக்கும் எண்ணற்ற பெண்களில் அவளும் ஒருத்தி. விதி அவள் வாழ்வில் விளையாடியது." இப்படியே இரண்டரைப் பக்கம். மூன்றாம் பக்கத்தின் நடுவில், ஏதோ போகிற போக்கில் ஒரு வரி: "ரேஷன் கடை மெஷின் அம்மாவின் விரலை எடுக்கவில்லை." வருடக்கணக்காகச் சூட்டிலும் வெள்ளியிலும் தேய்ந்து ரேகை போய்விட்டிருக்கிறது. மெஷின் மறுபடி மறுபடி தவறு காட்டுகிறது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அம்மா சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள்.

"இங்க ஆரம்பிங்க" என்றேன். "அப்ப முன்னாடி இருக்கிறதெல்லாம், அண்ணா?" என்றார். எடுத்துவிடச் சொன்னேன். ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை, கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஆறு பக்கமாக்கிக் கொண்டுவந்தார். அதில் 'ஏழ்மை' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஓர் இதழிலிருந்து திரும்பி வந்தது, இன்னோர் இதழில் வெளியானது. எனக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வரியை எழுதியது அவர். நான் விரலை வைத்துக் காட்டினேன், அவ்வளவுதான். தமிழில் அதிகம் தட்டுப்பாடாக இருப்பது இப்படி விரல் வைத்துக் காட்டும் ஆள்தான். பெரிய பதிப்பகங்களிலும் எடிட்டிங் என்று தனியாக ஆள் வைத்திருப்பவை குறைவு. எனவே உங்களுக்கென்று ஒரு முதல் வாசகரை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். வீட்டாரும் நண்பரும் வேண்டாம். "சூப்பர்" என்று சொல்லிவிடுவார்கள்.

மெய்ப்பில் ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாவத்தை நானே செய்திருக்கிறேன். பாத்திரங்கள் எங்கள் ஊர்ப் பேச்சில் பேசும்போது, அதைப் பிழையென்று நினைத்து மெய்ப்புப் பார்க்கிறவர் நல்ல தமிழாக்கிவிடுவார். சேர்வராயன் மலை எஸ்டேட்டில் காப்பி பறிக்கிற கிழவி திடீரென்று பாடநூல் போலப் பேசுவாள். பேச்சுவழக்கில் கை வைக்கக் கூடாது என்று பிரதியின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மற்றபடி விவரிப்பில் வருகிற ஒற்றுப் பிழைகள், ர-ற, ல-ள-ழ குழப்பங்கள் உங்கள் பொறுப்பு. முதல் பக்கத்தில் பத்துப் பிழை பார்த்த ஆசிரியர் இரண்டாம் பக்கத்துக்குப் போகமாட்டார். போக வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

எழுத வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, யார் யாரைப் படித்திருக்கிறீர்கள் என்பது. பாதிப் பேருக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குச் சேலத்தில் பழைய வம்சாவளி உண்டு. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம் இதையேதான் கேட்டார். ஐயர் தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், தல புராணங்களையெல்லாம் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். ஐயர் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. முதலியாரே சிந்தாமணிப் பிரதியொன்றைக் கொடுத்துப் படிக்க வைத்தார். அங்கே தொடங்கியதுதான் ஐயரின் பதிப்பு வாழ்க்கை. சிந்தாமணி அச்சில் வந்தது 1887-இல்.

இந்தக் கதையின் முதல் பாதியை எல்லாரும் சொல்வார்கள். பின்பாதிதான் நம் விஷயத்துக்கு வேண்டியது. அச்சுச் செலவுக்குக் கையில் பணமில்லாத ஐயர், புத்தகம் வருவதற்கு முன்பே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்கிறவர்களிடம் கையொப்பம் சேகரித்தார். இன்று 'முன்வெளியீட்டுத் திட்டம்' என்று நோட்டீஸ் போடுகிறோமே, அதுதான். ஏழு வருட உழைப்பும் தமிழின் பெருங்காப்பியமும் கையில் இருந்த ஒருவரே, வாங்குகிறவர் யாரென்று தெரிந்துகொண்டுதான் அச்சகத்தின் படியேறினார். நாம் எந்தத் தைரியத்தில் 300 அடிக்கிறோம்?

காசு கொடுத்துப் புத்தகம் போடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், என் அடுப்பும் அதில்தான் எரிகிறது. தாத்தாவின் வாழ்க்கை, ஊர் வரலாறு, குலதெய்வத்துப் பாட்டு இவையெல்லாம் நூறு பிரதி அடித்து உறவுக்கும் ஊருக்கும் கொடுக்க வேண்டியவை. தெரிந்தே போடுங்கள். ஏமாற்றம் வருவது தெரியாமல் போடும்போதுதான். என் சொந்த அனுபவமே உண்டு. என்னுடைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றிடம் பணம் கட்டிக் கொடுத்தேன். புத்தகக் காட்சியில் அவர்கள் கடைக்குப் போய்த் தேடினால் என் புத்தகம் இல்லை. "ஸ்டாக் வரலைங்க" என்றார் கடைப் பையன். என் வீட்டில் ஐம்பது பிரதி இருந்தது, வேண்டுமானால் தருகிறேன் என்றேன். அதற்கும் அவன் சரி என்று சொல்லவில்லை. பணம் கட்டும் முன் நான் கேட்டிருக்க வேண்டியவை: மொத்தம் எத்தனை பிரதி, யார் கையில் எத்தனை, யார் எடிட் செய்வார், எந்தெந்தக் காட்சியில் கடை, விற்றதற்குக் கணக்கு எப்போது. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குத் தனிக் கட்டணம் என்று யாராவது பட்டியலில் எழுதியிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை ஒன்றிய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது; எழுத்தாளரே நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம்.

ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினாலே நம் ஆட்களுக்குக் கூச்சம். "அண்ணன் தம்பியாப் பழகுறோம், கையெழுத்து எதுக்கு" என்பார்கள். சட்டம் எழுத்தாளர் பக்கம்தான் நிற்கிறது, அது தெரியாததுதான் குறை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியதும் உரிமை உங்களுடையது. பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு வாரிசுகளுக்கு இருக்கும். உரிமையை எழுதிக் கொடுப்பதாக இருந்தால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்; வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்கிறது. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனி உரிமைகள். "அனைத்து உரிமைகளும்" என்ற இரண்டு சொல்லில் அவற்றைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அமேசானின் கிண்டில் 2016 முடியும்போதே தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கிவிட்டது. உங்கள் மின்னூலை நீங்களே ஏற்றிக்கொள்ள முடியும்போது அதை ஏன் சும்மா கொடுக்க வேண்டும்?

காலக் கணக்கும் முக்கியம். தமிழ்ப் பதிப்புலகம் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றித்தான் ஓடுகிறது. 1977-இலிருந்து நடக்கும் அந்தக் காட்சி வழக்கமாக ஜனவரியில், பொங்கலை ஒட்டி. ஆகவே நவம்பர், டிசம்பரில் எந்தப் பதிப்பாளருக்கும் தலைக்கு மேல் வேலை. அப்போது போய்ச் சேர்கிற புதுப் பிரதி அடியில் போய்விடும். காட்சி முடிந்து மூச்சு விடுகிற பிப்ரவரி, மார்ச்சில் அனுப்புங்கள். ஆகஸ்ட்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கு ஒருநாள் பஸ் ஏறிப் போய்வாருங்கள், சேலத்தில் நடக்கும்போது இங்கேயும் போங்கள். பிரதியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். எந்தக் கடையில் எந்த மாதிரிப் புத்தகம் இருக்கிறது என்று பார்த்தாலே போதும். சித்த மருத்துவ நூல் போடுகிறவரிடம் நாவலை அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

ஏற்காட்டு சாரின் பெட்டியில் பூஞ்சை பிடிக்காத பிரதிகளைத் தேடி எடுத்தோம். நூறு தேறியது. பள்ளி நூலகங்களுக்குக் கொஞ்சம் கொடுப்பதாகச் சொன்னார். இன்னொன்றும் சொன்னேன். நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, வெளிவந்த 30 நாளுக்குள். அவருக்கு அச்சடித்துக் கொடுத்தவர்கள் அதைச் செய்யவில்லை. "கெடு முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சே தம்பி" என்றார். பரவாயில்லை, அனுப்புங்கள் சார் என்றேன். பேரனின் நோட்டு அட்டைத் தாளில் நாலு பிரதியைத் தனித்தனியாகச் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சணல் கட்டி, விலாசங்களைத் தன் வாத்தியார் கையெழுத்தில் எழுதினார். குடையை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தோம். கவுன்ட்டரில் இருந்தவர் எடைபோட்டுக்கொண்டே, "என்ன சார், காப்பித்தூளா?" என்று கேட்டார்.